காதில் வடிந்த களிமண்

கரட்டுப்பாளையத்தில் பிள்ளைகளின் காதிலிருந்து களிமண் வடியத் தொடங்கிய காலத்தில், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்களைவிட, அதைத் துடைக்க எந்தத் துணி நல்லது என்று கேட்டவர்களே அதிகம். ஊர் அப்படிப்பட்ட ஊர். மேற்கே மொட்டைப் பாறைக் கரடு, கிழக்கே வரிசை வரிசையாகக் கோழிப்பண்ணைகள், நடுவே மேட்டின்மேல் ஊர்க்காரர்கள் பெருமையோடு மேட்டுப் பள்ளிக்கூடம் என்று சொல்லும் நான்கு மாடிக் கட்டடம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கோழி எச்சத்தின் நெடி வீட்டுக்குள் வந்து சோற்றுத் தட்டருகே உட்கார்ந்துகொள்ளும். அந்த நெடியைப் பழகிக்கொண்ட மூக்குகள் வேறு எதையும் பழகிக்கொள்ளக் கூடியவைதான்.

முதலில் வடிந்தது மிருதுளாவுக்கு. எட்டாம் வகுப்பு. ஆடிக் காற்று ஜன்னல்களைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், கணக்கு வாத்தியார் குழந்தைவேலு அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு இரண்டு பின்னங்களைக் கூட்டச் சொன்னார். அவள் மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். குழந்தைவேலு சார் அந்த வகுப்புப் பிள்ளைகளிடமும், அவர்களுக்கு முன்னால் படித்த அண்ணன் அக்காக்களிடமும், அவர்களுக்கும் முன்னால் படித்த சில அப்பா அம்மாக்களிடமும் ஒரு குரல்கூட மாறாமல் கேட்டுவந்த கேள்வியை அன்றைக்கும் கேட்டார்.

"உன்ற மண்டைக்குள்ள இருக்கறது மூளையா, களிமண்ணா?"

அவள் வாயைத் திறக்கும் முன் வலது காது பதில் சொன்னது. கறுப்பாக, விரல் தடிமனில், நெகுநெகுவென்று ஒரு களிமண் திரி காதிலிருந்து இறங்கிக் கழுத்து வழியாகச் சட்டைக் காலரில் படிந்தது. பிறகு இடது காதிலும் வந்தது. வகுப்பில் ஒரு பிள்ளையும் கத்தவில்லை. குழந்தைவேலு சார் சாக்பீஸைக் கீழே வைத்துக் கையைத் தட்டிக்கொண்டு, "நான்தான் சொன்னனே," என்றார். அவர் குரலில் இருந்தது திருப்தி.

பள்ளியிலிருந்து போன் வந்து மிருதுளாவின் அம்மா சாந்தாமணி போனபோது, அலுவலக வாசலில் ஒரு ஸ்டூலில், கீழே பழைய செய்தித்தாள் விரித்து, பிள்ளையை உட்கார வைத்திருந்தார்கள். சாந்தாமணி அருவருப்புக்குப் பெயர் போனவள் அல்ல. தங்கள் பண்ணைக் கூண்டில் செத்து ஊறிக் கிடக்கும் கோழியை வெறுங்கையால் எடுத்து வெளியே போட்டுவிட்டு அதே மூச்சில் முட்டை பொறுக்கப் போகிறவள். ஆனால் அந்த வாடை வேறு. வற்றிப்போன குளத்தின் அடியில், செத்த நத்தையும் அழுகிய கோரையும் சேர்ந்து நாறும் வாடை. அது தன் வயிற்றில் பிறந்த பிள்ளையின் தலைக்குள்ளிருந்து வந்தது. பிள்ளையை நோக்கிப் போக வேண்டிய கை முந்தானையை எடுத்துக்கொண்டு மூக்குக்குப் போயிற்று. மிருதுளா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உதவி செய்கிறவளைப் போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தாளாளர் நல்லதம்பி வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் பட்டையாகத் திருநீறு, யாரிடமும் அதட்டிப் பேசியறியாத மனிதர்.

"பயப்படாதீங்க அம்மிணி. இது நோயில்லீங்க. உள்ள இருக்கறதுதான் வெளிய வருது. இருக்கறது தெரிஞ்சுபோச்சுன்னா அப்பறம் நமக்குக் கொழப்பமில்லீங்களே."

டவுனில் காது மூக்கு தொண்டை டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். சின்னக் கரண்டியால் வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டு, விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்து, மணல் கலப்பே இல்லாத நல்ல வண்டல் என்றார். எடுக்க எடுக்க வரும், எடுக்காவிட்டாலும் வரும் என்றார். காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் வழித்துவிடச் சொன்னார்.

அந்த வாரமே இன்னும் பல பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. பதில் தெரியாமல் எழுந்து நின்றவர்கள், வாசிக்கும்போது திக்கியவர்கள், பரீட்சைத் தாளை வாங்கிப் பார்த்துத் தலையைக் குனிந்தவர்கள், ஒவ்வொருவராக. புரட்டாசி வருவதற்குள் ஊர் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. மருந்துக் கடைகளில் காது கரண்டி சரம் சரமாகத் தொங்கியது. கடைவீதியில் காதுத் துண்டு என்று கறுப்பு நிறத்தில் ஒன்று விற்றார்கள், அழுக்குத் தெரியாது. பெண் பார்க்கப் போகிறவர்கள் தாம்பூலத்தட்டோடு ஒரு டார்ச் லைட்டும் எடுத்துப் போனார்கள். காப்பி குடித்து முடித்ததும் வயதில் மூத்த பெண் ஒருத்தி எழுந்து, "காதைக் காட்டு சாமி," என்று மணப்பெண்ணின் தோட்டை ஒதுக்கிப் பார்ப்பாள். வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர்களிடம், பிள்ளைகள் எப்படி, வடியுமா வடியாதா என்று கேட்டுவிட்டுத்தான் சாவி கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் வடிகிற பிள்ளைகளைத் தனியே பிரித்துக் கீழ்த்தளத்தில், கழிவறைக்குப் பக்கத்து அறையில் வைத்தார்கள். அதற்கு ஈ செக்‌ஷன் என்று பெயர். பாடமெல்லாம் கிடையாது. "அதுகளுக்கு எதுக்குங்க அல்ஜீப்ரா? பாவம், இருக்கறத வெச்சு நிம்மதியா இருக்கட்டும்," என்று ஆசிரியர்கள் பரிவோடு சொன்னார்கள். உண்மையிலேயே பரிவுதான். படம் வரைந்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள், பார்த்து எழுதச் சொன்னார்கள், மேசையின் கீழே ஆளுக்கொரு வாளி வைத்தார்கள். பிள்ளைகள் ஆரம்பத்தில் அழுதார்கள். பிறகு களிமண்ணை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினார்கள். அதுவும் அலுத்துத் தலையை மேசைமேல் சாய்த்துத் தூங்கினார்கள். வாளிகளைக் கட்டடத்துக்குப் பின்னால் கொட்டினார்கள், அங்கே ஒரு மேடு எழுந்தது. பொம்மை செய்கிறவர்கள் வண்டி கொண்டுவந்து அதை அள்ளிப் போய், பிசைந்து, அச்சில் அடித்து, பிள்ளையார் சதுர்த்திக்குப் பொம்மையாகக் கொண்டுவந்து விற்றார்கள். காது சுத்தமாக இருந்த பிள்ளைகளின் பெற்றோர் அதை வாங்கி, எருக்கம்பூ மாலை போட்டு, தங்கள் பிள்ளைகளுக்கு மேலும் மேலும் அறிவு பெருக வேண்டுமென்று விழுந்து கும்பிட்டார்கள்.

சாந்தாமணியும் பழகிக்கொண்டாள். அதைத்தான் அவள் பின்னாளில் நினைத்து நினைத்துத் தன்னையே கசந்துகொண்டாள். காலையில் பிள்ளையை வாசல் கல்லில் உட்கார்த்தி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கரண்டியால் வழிப்பாள். தலையணையைத் தனியாக எடுத்து வைத்தாள். தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, "பெரியது களிமண்ணுங்க, சின்னவந்தான் நமக்கு," என்று அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. மிருதுளா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடியில் தொங்கிய பாவாடையை ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் புத்தகத்தைத் தொடவே இல்லை. "ரெண்டு வரி படிக்கலாமே கண்ணு," என்று அம்மா சொன்னால், "களிமண்ணுக்கு எதுக்கும்மா?" என்பாள். கோபமில்லை, அழுகையில்லை. கடையில் இன்றைக்கு முட்டைக்கோஸ் இல்லை என்று சொல்வது போலச் சொல்வாள்.

சின்னவன் நிகிலனுக்கு வடியவில்லை. ஆறாம் வகுப்பு ஏ செக்‌ஷன். பள்ளிச் சுற்றுச்சுவரில் கட்டிய ஃபிளெக்ஸில், முகம் இல்லாமல் வெறும் காதுகளாக அச்சடித்த வரிசையில், மூன்றாவது காது அவனுடையது. அதன் கீழே பெயர் இருந்தது. அவன் அப்பா பொன்னுசாமி மொபெட்டை அந்த ஃபிளெக்ஸுக்கு எதிரே நிறுத்தாமல் ஒருநாளும் போனதில்லை. தெரிந்தவர் யார் வந்தாலும் வண்டியிலிருந்து இறங்காமலே காட்டி, "அது என்ற பையனுதுங்க," என்பார்.

நிகிலன் முன்னெல்லாம் கேள்வி கேட்டே ஆளைச் சாகடிக்கிற பிள்ளை. முட்டைக்குள் குஞ்சு எப்படி மூச்சு விடுகிறது, மோட்டார் நின்ற பிறகும் தண்ணீர் ஏன் கொஞ்ச நேரம் வருகிறது, நிலா ஏன் பஸ்ஸோடு கூடவே வருகிறது. தீவனம் அரைக்கும் மெஷினின் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் விழித்து அடி வாங்கியவன். ஃபிளெக்ஸில் காது ஏறிய பிறகு அவன் ஒன்றும் கேட்பதில்லை. தெரிந்த கணக்கை மறுபடி மறுபடி போட்டான். தெரியாதது வந்தால் புத்தகத்தை மூடினான். பள்ளியில் கடினக் கணக்குக்கு என்று ஒரு போட்டி வைத்தபோது, வயிற்று வலி என்று படுத்துக்கொண்டான். முகம் உப்பியது. சோறு இறங்கவில்லை. பேசினால் வாய் நாறியது. பல் துலக்குவதில்லை என்று சாந்தாமணி அவனைத் திட்டினாள்.

கார்த்திகை மழை விட்ட சமயம் பண்ணையில் முட்டைகள் தோல்முட்டைகளாக வரத் தொடங்கின. கையில் எடுத்தால் ஓடு அமுங்கியது. ஓடு கெட்டியாகத் தீவனத்தில் சேர்க்கும் கிளிஞ்சல் தூள் போதவில்லை என்று தெரிந்தது, ஆனால் எவ்வளவு கூட்டுவது, கூட்டினால் மக்காச்சோளத்தையும் தவிட்டையும் எவ்வளவு குறைப்பது என்று பொன்னுசாமிக்கும் பிடிபடவில்லை. தீவனக் கொட்டகையில் சாந்தாமணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மண்தரையில் குச்சியால் கோடு கிழித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மிருதுளா ஒரு வாளியோடு வந்து நின்று, "அம்மா, பாதி மூட்டைக்கு மட்டும் கலந்து ஒரு வரிசைக் கூண்டுக்குப் போட்டுப் பாப்பமா?" என்றாள்.

போட்டுப் பார்த்தார்கள். சரிவரவில்லை. ஓடு கெட்டியானது, ஆனால் கோழிகள் தீனியைக் கொத்தாமல் விட்டன. அளவைக் குறைத்தார்கள். மறுபடியும் ஓடு அமுங்கியது. மிருதுளா தரையில் போட்ட கணக்கைக் காலால் அழித்துவிட்டு மறுபடி போட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டு, பாவாடையில் தவிடு ஒட்டியிருக்க, பாதியில் அம்மாவையே அதட்டி, "இரும்மா, பேசாத, விட்டுப்போயிரும்," என்றுகூடச் சொன்னாள். இப்படியே நாட்கள் போயின. ஒரு பகலில் பக்கத்தில் குனிந்து அவள் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த சாந்தாமணிக்கு மூக்கில் தவிட்டு வாசம் மட்டுமே வந்தது. நிமிர்ந்து பிள்ளையின் காதைப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. பிறந்த பிள்ளையின் காதைப் போலச் சுத்தமாக, மெல்லிய ரோமம் தெரிய இருந்தது. இந்தக் கணக்கில் அவள் தப்பு மேல் தப்பாகப் போட்டிருந்தாள். ஒரு சொட்டுக் களிமண் வரவில்லை.

அப்போது பொன்னுசாமி கொட்டகைக்குள் வந்தார். கெட்ட மனிதர் அல்ல, பிள்ளைகள்மேல் கை வைக்காதவர், சிரித்தபடிதான் சொன்னார்.

"அட, களிமண்ணு கணக்குப் போடுது பாரு."

சாந்தாமணியின் கண்ணெதிரிலேயே வந்தது. காதின் ஓரத்தில் முதலில் ஒரு கறுப்பு மினுமினுப்பு, பிறகு திரி, பிறகு கொழகொழவென்று ஒரு கட்டி, சொத்தென்று தரையில் எழுதியிருந்த எண்களின்மேல் விழுந்தது. மிருதுளா குச்சியைக் கீழே போட்டாள். காதைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?" என்றாள் சாந்தாமணி.

"எப்படிச் சொன்னேன்? இருக்கறதத்தான சொன்னேன்."

"இல்லாமத்தானுங்க இருந்துச்சு. நீங்க சொன்னப்பறம்தான் வந்துச்சு."

பொன்னுசாமி அவளைப் பார்த்துவிட்டு, வெயிலில் போகாதே என்று சொல்லிவிட்டு லோடு ஏற்றப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்னுசாமியின் பங்காளிகள் விருந்துக்கு வந்தார்கள். கறிச்சோறு ஆனது. நிகிலனை நடுவில் நிறுத்தி, ஆளுக்கு ஒருமுறை காதைத் தொட்டுப் பார்த்து, "எப்பேர்ப்பட்ட மூளைடா சாமி, யார்கிட்ட இருந்து வந்துச்சு?" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். பையன் சிரித்தான். சிரித்த வாயைத் திறக்காமலேயே மெதுவாக நழுவி, கொல்லைப் பக்கம் நடந்தான். அந்த நடையில் என்னவோ இருந்ததால் சாந்தாமணி பின்னால் போனாள். மாட்டுக் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் குனிந்து நின்று அவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். கறி இல்லை. கறுப்புக் களிமண், கட்டி கட்டியாக, இடையிடையே வெள்ளைச் சோற்றுப் பருக்கைகளோடு. எடுத்து முடித்துவிட்டுப் பூனையைப் போலக் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினான். அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தான்.

அவன் அழவில்லை. "அப்பாகிட்டச் சொல்லாதம்மா," என்றான்.

"எப்ப இருந்துடா?"

"ஃபிளெக்ஸ் வெச்சப்ப இருந்து. காதுக்குள்ள ஆழமாப் பஞ்சு வெச்சு அடைச்சுட்டா வெளிய வராதும்மா, பாத்தாலும் தெரியாது. தொண்டைக்கு வந்துரும். தண்ணி குடிச்சா எறங்கிரும்."

"முழுங்கறயா?"

"எல்லாரும்தான் முழுங்கறாங்க. ஏ செக்‌ஷன்ல எல்லாரும். மொத ரேங்க் அக்கா சக்கரை தொட்டுக்குவாங்க. அப்ப நாத்தம் தெரியாது."

பெண்ணுக்கு ஏசினால் வந்தது, இவனுக்குப் புகழ்ந்தால் வந்தது. ஒன்று வெளியே வடிந்தது, மற்றது உள்ளே இறங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம். சாந்தாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பங்காளிகள் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் உடனே ஏதாவது செய்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த வாரம் பள்ளி ஆண்டு விழா. சுத்தக் காது பிள்ளைகளை மேடையேற்றிப் பட்டம் கொடுக்கப் போவதாக அழைப்பிதழ் அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. பொன்னுசாமியிடம் மெல்ல எடுத்துச் சொன்னதற்கு, ஒரு நாள்தானே, விழா முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்ப்போம் என்றார். நிகிலனும், "நான் முழுங்கிக்குவேம்மா, எனக்குப் பழக்கந்தான்," என்று அவளைத் தேற்றினான். ஆறாம் வகுப்புப் பிள்ளை அவளைத் தேற்றினான். அவளும் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அவனுக்குப் புதுச் சட்டையை இஸ்திரி போட்டாள்.

சாயங்காலம் வெளிச்சம் போவதற்கு முன்பே பந்தல் நிறைந்துவிட்டது. வடிகிற பிள்ளைகளின் பெற்றோர் கடைசி வரிசைகளில், கறுப்புத் துண்டுகளோடு. மேடையில் ஏ செக்‌ஷன் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில், உதட்டை இறுக மூடி, வரிசையாக நின்றார்கள். சிறப்பு விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற அதிகாரி பட்டு வேட்டியில், கையில் டார்ச் லைட்டோடு ஒவ்வொரு பிள்ளையாகப் போய்க் காதுக்குள் அடித்துப் பார்த்து, "சுத்தம்," என்று மைக்கில் சொன்னார். ஒவ்வொரு சுத்தத்துக்கும் கைத்தட்டல். நிகிலனின் முறை வந்தது. தாளாளர் நல்லதம்பி மைக்கை வாங்கி, "இந்தத் தம்பிக்கு நாங்க சொல்லிக் குடுக்கலீங்க. பொறவியிலயே கொண்டாந்த மேதை," என்றார்.

பொன்னுசாமி எழுந்து நின்று கைதட்டினார். மேடையில் நிகிலனின் தொண்டை ஏறி இறங்குவது கீழே உட்கார்ந்திருந்த சாந்தாமணிக்குத் தெரிந்தது. ஒரு தடவை விழுங்கினான். இன்னொரு தடவை விழுங்கினான். பிறகு முடியவில்லை. பட்டு வேட்டியின் மடிப்பு முழுக்க, மைக்கின்மேல், மாலையின்மேல், குபுக்கென்று கறுப்பாக வந்து விழுந்தது. அதைப் பார்த்த பக்கத்துப் பிள்ளை வாயைப் பொத்தியது, விரல் இடுக்கில் வழிந்தது. அதற்குப் பக்கத்துப் பிள்ளை. முதல் ரேங்க் வாங்கும் பெண் முழங்காலில் விழுந்து நீளமாக, முடிவே இல்லாமல், மாதக்கணக்கில் விழுங்கியதையெல்லாம் எடுத்தாள். வரிசை முழுவதும் குனிந்தது. குளத்தடி வாடை பந்தல் முழுக்க எழுந்து, மல்லிகையையும் கேசரியையும் அமுக்கிக்கொண்டு நின்றது.

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். தாளாளர் வேறொரு மைக்கை வரவழைத்து, மதியம் கொடுத்த கேசரியில் ஏதோ கோளாறு என்று அறிவித்தார். ஆயாக்கள் மரத்தூளைக் கொண்டுவந்து மேடையில் தூவிக் கூட்டினார்கள். சிறப்பு விருந்தினருக்கு வேறு வேட்டி வந்தது. கொஞ்ச நேரத்தில் அதே மேடையில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் மயில் வேஷம் கட்டிக்கொண்டு ஆடினார்கள், மரத்தூள் கால்களில் ஒட்டிக்கொண்டு பறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் ஊரில் பேச்செல்லாம் கேசரி போட்ட சமையல்காரரைப் பற்றித்தான். அந்த வாரம் முடிவதற்குள் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது, இனிமேல் காதோடு தொண்டையும் பரிசோதிக்கப்படும், சுத்தத் தொண்டைக்குத் தனிப் பட்டம் உண்டு என்று.

சாந்தாமணி அதைப் படித்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள்.

"ரெண்டு புள்ளைக்கும் டீசி குடுத்துருங்க," என்றாள்.

தாளாளர் நல்லதம்பி அவளை உட்காரச் சொன்னார். "பெரிய புள்ளையக் கூட்டிட்டுப் போறது சரிங்க. பையனை எதுக்குங்க அம்மிணி? தொண்டையக் கழுவிவிட்டாச் சரியாப் போயிரும்."

"சொல்றதாலதான் வருதுங்க. மக்குன்னாலும் வருது, மேதைன்னாலும் வருது. என்ற கண்ணால பார்த்தேன். ஒண்ணும் சொல்லாம விட்டு வேலையைப் பார்க்கச் சொன்னா, தப்புப் போட்டாக்கூட வர்றதில்லீங்க. அதை மட்டும் நீங்க நிறுத்துனாப் போதும்."

அவர் மறுக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, சாவகாசமாகத் தன் காதுக்குள் ஒற்றினார். கறுப்பாக வந்தது. அதை நான்காக மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுங்களா? ஆரம்பத்துலயே தெரியுமுங்க. ஆனா ஒண்ணு யோசிங்க அம்மிணி. இந்தப் புள்ளைக்கு இருக்கு, அந்தப் புள்ளைக்கு இல்லைன்னு சொல்லலைன்னா, எல்லாப் புள்ளைக்கும் நாங்க சொல்லிக் குடுக்க வேண்டி வருமுங்க."

சிரித்தபடி, வந்தவர்களுக்குக் காப்பி சொல்லும் குரலில் அவர் இதைச் சொன்னார். சாந்தாமணி எழுந்தாள். கதவைத் திறந்து வாசற்படியில் நின்று, ஒருமுறை காறி, பளபளவென்று துடைத்து வைத்திருந்த கிரானைட் தரையில் துப்பினாள்.

எச்சில் மட்டும் விழவில்லை. டக்கென்று சத்தம் கேட்டது. புளியங்கொட்டை அளவில், இறுகிக் கல்லாகிப்போன ஒரு களிமண் உருண்டை தரையில் விழுந்து உருண்டு நின்றது. அது பிள்ளைகளுடையது போல ஈரமாக இல்லை. பழையது. எவ்வளவு பழையது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு டீச்சர் அவள் நோட்டை அவள்மேலேயே வீசி, உனக்கெல்லாம் இது ஏறாது, போய்க் கோழி மேய் என்று சொன்னதும், அடுத்த வருஷமே அவள் பள்ளியை விட்டு நின்றதும், ஏறாது என்பதை இத்தனை வருஷமாகத் தன் பெயரைப் போல நம்பி வந்ததும் அந்த உருண்டைக்குள் இருந்தது. தாளாளர் அதைப் பார்த்தார். முகம் கோணாமல், "ஆயாம்மா, இதைக் கொஞ்சம் தொடைச்சு விடுங்க," என்று குரல் கொடுத்தார்.

டீசி கிடைத்தது. பொன்னுசாமி ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஃபிளெக்ஸில் மூன்றாவது காது இருந்த இடத்தில் வேறொரு காதை ஒட்டிவிட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கு ஒருவேளை சாப்பிடாமல்கூட இருந்தார். ஆனாலும் காலையில் மொபெட்டை எடுத்து இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். அந்தப் பள்ளி ஒன்றும் சொர்க்கம் இல்லை. கூரை ஒழுகியது, கணக்கு டீச்சர் முன்கோபக்காரி, பாதி நேரம் சளியோடு தும்மிக்கொண்டே இருப்பாள். யார் தப்புப் போட்டாலும், "எங்கிருந்து தப்பாப் போச்சு, அந்த வரியக் காட்டு," என்று கேட்பது மட்டும் அவளிடம் ஒரு பழக்கமாக இருந்தது. அக்கறையில் சொன்னாளா, சோம்பலில் சொன்னாளா என்று தெரியாது. மிருதுளாவுக்கு வடிவது குறைந்தது, நிற்கவில்லை. கரட்டுப்பாளையத்தில் யாராவது அவளைப் பார்த்துப் பழைய பெயரைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க வடியும்.

நிகிலனுக்கு வெகுநாள் வரவில்லை. மேதை என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவன் எதையும் தப்பாகப் போடாமல் பார்த்துக்கொண்டதால் வரவில்லை. தை பிறந்த பிறகு ஒரு மதியம், அரை நாள் பள்ளி விட்டு வந்தவன் பையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினான். சாந்தாமணி அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தாள். பஞ்சைத் தேடிக் கால்சட்டையின் இரண்டு பைகளிலும் கை விட்டான், பஞ்சு இல்லை. அவன் காதிலிருந்து களிமண் முதல் தடவையாக வெளியே வழிந்தது, தாடை வழியாக, கழுத்து வழியாக, சட்டையெல்லாம். மொட்டைக் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.

மிருதுளா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வழியட்டும் விடு. முழுங்காத. வெளிய வந்தாப் போயிரும்."

"எல்லாத்து முன்னாலயும் தப்பாப் போட்டுட்டேன்க்கா. நானும் மக்குதான்."

"எந்தக் கணக்கு?"

அவன் சொன்னான். அவள் தரையில் எழுதினாள். எழுதிவிட்டு, இப்படித்தானே என்றாள். இல்லை, டீச்சர் இப்படிச் சொன்னாங்க என்று அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குச்சியைப் பிடுங்கினான். அவள் அதைத் திரும்பப் பிடுங்கினாள். உனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது என்று இரண்டும் கத்தின. கழுத்தில் காய்ந்துகொண்டிருந்த களிமண்ணை அவன் பேச்சுவாக்கில் சுரண்டிச் சுரண்டிப் போட்டான். போட்ட கணக்கு மறுபடியும் தப்பாகியிருக்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைக் காலால் அழித்தார்கள்.

சாந்தாமணி சோற்றைத் தட்டில் போட்டு, ரசம் ஊற்றி, கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். ஆறினால் ஆறட்டும் என்று மூடி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அது என்ன கணக்கென்று பார்க்கத் தானும் கொல்லைக்கு இறங்கினாள்.